பொன் விளைந்த பூமியும் மூச்சிழந்த மக்களும்

(கோலார் தங்கவயற் சுரங்கத் தொழிலாளர் பற்றித் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தாலிக்கு ஒரு பொட்டுப் பொன் தேடாத தமிழ்க் குடும்பம் இல்லை. மகள் பிறந்த நாள் முதலாகவே அவளுக்கென்று மஞ்சாடியளவு பொன்னையேனும் சேர்த்து வைக்கும் தாய்மாரை நாம் ஒவ்வொரு வீட்டிலும் காண்கின்றோம். அப்பொன்னின் மாற்று என்ன, விலை என்ன என்று ஆயிரம் முறை விசாரிக்கின்றோம். ஆனால் அதைப் பூமியின் வயிற்றைப் பிளந்து கொண்டு வந்தவன் எவன், அவன் எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான் என்று ஒரு முறையேனும் விசாரித்தோமா? இல்லை. இன்று விசாரிப்போம்.

நாம் பேசப் போவது கோலார் தங்கவயலைப் பற்றி. இந்தியாவின் கர்நாடக மாநிலத்திலே, பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், தமிழ்நாட்டினதும் ஆந்திரத்தினதும் எல்லைகளுக்கு அண்மையில் உள்ளது அவ்வூர். கன்னட நாட்டில் இருப்பினும் அதன் தெருக்களில் ஒலிப்பது பெரிதும் தமிழே. காரணம் எளிது. அந்த மண்ணைத் தோண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள்.

வெள்ளையர் வந்த கதை

கோலார் மண்ணில் பழங்காலந்தொட்டே மக்கள் பொன் தேடியிருக்கின்றனர். ஆயினும் அது பெருந்தொழிலானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். 1870களில் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடமிருந்து அங்கு அகழும் உரிமையைப் பெற்றார். 1880இல் ஜோன் டெய்லர் அன்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் களத்தில் இறங்கிற்று. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழ்ந்தன. 1894இல் புகையிரதப் பாதை மாரிக்குப்பம் வரை வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டுகளின் பின்னரே! கல்லை இடிக்கும் ஆலைக்கும் காற்றை அழுத்தும் பொறிக்கும் காவிரித்தாய் முதலிலே தொண்டு செய்தாள். ஆனால் அந்த ஒளி தொழிலாளியின் குடிசைக்குள் எட்டிப் பார்க்க நெடுங்காலம் ஆயிற்று.

அவன் குடியிருந்த இடத்தின் பெயரைக் கேட்டால் நம் மலையகச் சகோதரர்கள் திடுக்கிடுவார்கள். அதன் பெயர் 'லயன்'. ஆம்! நமது தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் அதே பெயர். மூங்கில் தட்டிகளால் அடைத்த, பத்தடிக்குப் பத்தடி என்னும் அளவிலான அறைகள். வரிசை வரிசையாக, முதுகோடு முதுகு ஒட்டிய வாழ்க்கை. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஒரு கூட்டம் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. மற்றொரு கூட்டம் வண்டியேறிக் கோலாருக்குச் சென்றது. இங்கே அவனைக் கங்காணி மேய்த்தான். அங்கே ஒப்பந்தக்காரனும் மேஸ்திரியும் மேய்த்தனர். ஒருவன் மலையுச்சியில் நின்றான், மற்றவன் பாதாளத்தில் நின்றான் என்பதைத் தவிர, இருவரின் கதையும் ஒரே கதை.

ஊரிலே சாதிக் கொடுமை, பண்ணையாரின் படியளப்பு, வயிற்றிலே பசி. தங்கவயலிலோ கையிலே காசாகக் கூலி கிடைக்கும் என்றார்கள். சேரியை விட்டு வெளியேறத் துடித்த மனிதனுக்குச் சுரங்கத்தின் இருளும் ஒரு விடுதலையாகத் தோன்றியது என்றால், அவன் விட்டு வந்த வெளிச்சம் எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பாதாளத்தின் வெம்மையும் பாறையின் சீற்றமும்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. மூன்று கிலோமீற்றருக்கு மேல்! உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை சென்ரிகிறேற்றையும் தாண்டும். கையை வைத்தால் சுடும் பாறையின் நடுவே, மேலேயிருந்து குளிரூட்டி அனுப்பிய காற்றை நம்பி, மனிதர் துளையிட்டனர், வெடி வைத்தனர், கல்லை வாரினர். ஒரே இறக்கத்தில் அடியை அடைய முடியாது. ஒரு குழியில் கூண்டேறி இறங்கி, இருளிலே நடந்து, மறு குழியில் மீண்டும் கூண்டேறி இறங்க வேண்டும். கூண்டின் கயிறு, வெடிக்காமல் துளைக்குள் தங்கிவிட்ட மருந்து, தலைக்கு மேல் நெகிழ்ந்து நிற்கும் கல், இவற்றுள் எது என்று தன்னை அழைக்கும் என்பதை எவனும் அறியான்.

இவை எல்லாச் சுரங்கத்திற்கும் பொதுவான ஆபத்துக்கள். கோலாரைப் பெரிதும் வருத்திய பேராபத்து ஒன்று உண்டு. அதுதான் பாறை வெடிப்பு. மேலே அடுக்கடுக்காகக் கிடக்கும் மலையின் சுமையெல்லாம் கீழேயுள்ள பாறையை அழுத்துகின்றது. பொன் கலந்த கல்லை எடுத்து வெற்றிடம் உண்டாக்க உண்டாக்க, எஞ்சி நிற்கும் பாறை அந்தச் சுமை முழுவதையும் தாங்கி முறுகி நிற்கின்றது. வில்லை அளவுக்கு மிஞ்சி வளைத்தால் என்ன ஆகும்? ஒரு கணத்தில் முறியும். அவ்வாறே, எவ்வித முன்னறிவிப்புமின்றி, பாறை பீரங்கி போல் வெடித்துச் சிதறும். பக்கத்தில் நின்றவன் நசுங்குவான்; அப்பால் நின்றவனைக் கற்குவியல் வழியடைத்துச் சிறைப்படுத்தும். அதன் அதிர்ச்சியில் மேலே ஊரிலுள்ள வீட்டுச் சுவர்களும் நடுங்கும். அடுப்படியில் நின்ற பெண், கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டுச் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவாள். 'எந்தச் சுரங்கம்? எந்த மட்டம்? எந்த முறை?' என்பதே அப்பொழுது அவ்வூரின் ஒரே கேள்வி.

1962இல் சாம்பியன் ரீஃபில் நிகழ்ந்த பெரும் பாறை வெடிப்பைப் பற்றிப் பொறியியலாளர் இன்றும் எழுதுகின்றனர். மரம் கொண்டு முட்டுக் கொடுத்தனர். பின்னர்க் கருங்கல்லால் சுவர் எழுப்பினர். அதன்பின் கொங்கிறீற் இட்டு நிரப்பினர். பாறையின் இயல்பை ஆராய்வதற்கென்றே 1988இல் தேசிய நிறுவனமொன்று அவ்வூரிலே தொடங்கப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்கனவே. ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். ஒவ்வொரு பாடமும் தொழிலாளியின் உடலைப் பலகையாக வைத்தே எழுதப்பட்டது.

அதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில், 1965இல், இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் கூடி நியூட்ரினோ என்னும் கண்காணா நுண்துகளைக் கண்டறிந்தனர். பூமியின் மேற்பரப்பில் பிற துகள்களின் ஆரவாரம் அதிகம்; அந்த ஆரவாரத்தைத் தடுக்க 7,000 அடிக்கு மேற்பட்ட பாறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. வானத்திலிருந்து வந்து எதையும் தீண்டாது பூமியை ஊடுருவிச் செல்லும் துகளையும் அங்கே எண்ண முடிந்தது! ஆனால் அதே பாதாளத்தில் மனிதனின் மார்புக்குள்ளே புகுந்த துகளை எண்ணுவதற்கு எத்தனை ஆண்டுகள் எடுத்தனர்? அதைக் கேளுங்கள்.

மார்பில் குடிகொண்ட தூசு

பாறை வெடித்தால் ஊர் கேட்கும், செய்தித்தாள் எழுதும். ஓசையின்றிக் கொல்லும் பகைவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் தூசு. பொன் ஒளிந்திருப்பது படிகக் கல்லுக்குள்ளே. அக்கல்லைத் துளைக்கையிலும் உடைக்கையிலும் எழும் நுண்ணிய தூள் மூச்சோடு உள்ளே சென்று நுரையீரலில் தங்கிவிடும். தங்கிய இடமெல்லாம் தழும்பாகும். தழும்பேறிய நுரையீரல் விரியாது. பத்தாண்டோ பதினைந்தாண்டோ கழித்து, அம்மனிதன் நான்கு படி ஏறினால் மூச்சுத் திணறுவான். பின்பு நாலடி நடந்தாலும் திணறுவான். இறுதியில் படுத்திருக்கவும் முடியாமல், குந்தியிருந்தபடியே இரவுகளைக் கழிப்பான். காசநோய் அந்தப் பழுதுற்ற மார்பைத் தேடி வந்து குடியேறும். 'சிலிக்கோசிஸ்' என்று மருத்துவர் இதனை அழைப்பர். இந்நோயை மாற்றும் மருந்து இன்றளவும் இல்லை. தூசு எழாமல் தடுப்பதொன்றே மருந்து. துளையிடும்போது நீரைப் பாய்ச்ச வேண்டும். நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். வெடி வைத்த இடத்திற்குத் தூசு அடங்கும் முன் ஆளை அனுப்பாதிருக்க வேண்டும்.

1940 முதல் 1946 வரை கோலார்ச் சுரங்கங்களில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தனர். அவர்களுள் 3,402 பேருக்கு இந்நோய் இருக்கக் கண்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர்! பெருந்தொழில் தொடங்கி அறுபதாண்டுகளின் பின்னரே இந்தக் கணக்கு எழுதப்பட்டது. அதற்குமுன் மூச்சடைத்து மாண்டவர்கள் எந்தக் கணக்கில்? சொல்வார் இல்லை.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்குமாறு வேண்டுகின்றோம். 7,653 என்பது அன்று வேலையில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு. இந்நோயின் வஞ்சகம் யாதெனில், அது வேலையில் இருக்கும்பொழுதிலும் வேலையை விட்ட பின்னரே முழு வடிவம் காட்டுவது. வலு இழந்தவனை ஒப்பந்தக்காரன் நிறுத்திவிடுவான். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு தன் சொந்த ஊருக்குத் திரும்புவான். அங்கே ஒரு திண்ணையில் இருமி இருமி இறப்பான். ஊரார் 'இளைப்பு நோய்' என்பர்; 'தலைவிதி' என்பர். கம்பனியின் பதிவேட்டிலோ அவன் 'வேலையை விட்டு நீங்கியவன்' மட்டுமே. நட்டஈடு இல்லை, மரணப் பதிவில் சுரங்கத்தின் பெயரும் இல்லை. விபத்தில் இறந்தவனுக்காவது ஒரு வரி உண்டு. தூசினால் இறந்தவனுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. கணக்கில் எழுதாத சாவைக் கொண்டே கணக்கிலே இலாபம் காட்ட முடிந்தது. இதனை விதி என்று சொல்வதற்கு நமக்கு மனம் ஒப்பவில்லை. இது கணக்கு, வேண்டுமென்றே குறைத்து எழுதிய கணக்கு.

கைரேகையும் குருதியும்

தங்கத்தைத் தொட்டவனைத் திருடனாகவே பார்த்தது ஆட்சி. 1897ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்கச் சட்டம் அந்நோக்கிலேயே இயற்றப்பட்டது. சுரங்கத்திலிருந்து மேலேறி வருபவனைச் சோதனையிட்டனர். அவன் குடியிருப்பைக் காவலர் வளைத்துத் தேடினர். 1930இல் அதற்கும் ஒருபடி மேலே சென்று, தொழிலாளர் யாவரும் கைரேகை பதிந்து பதிவு செய்தல் வேண்டும் என்று கட்டளையிட்டனர். குற்றவாளிகளின் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பது போல் எங்கள் விரலையும் தோய்ப்பதா என்று கொதித்தெழுந்தனர் தொழிலாளர். அன்று அவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை. இருந்தும் ஆயிரமாயிரம் பேர் வேலைக்கு இறங்க மறுத்தனர். கூலி உயர்வுக்காக மட்டுமே உழைப்பாளி போராடுவான் என்று எண்ணுவோர் இந்த வேலைநிறுத்தத்தைப் படிக்க வேண்டும். அது மானத்திற்காக நடந்த வேலைநிறுத்தம்.

நம் தோட்டத் தொழிலாளரைத் தகரத் துண்டு கொடுத்து இலக்கமிட்டு அனுப்பிய வரலாற்றை அறிந்தோர்க்கு, அந்தக் கைரேகையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் சங்கங்கள் தோன்றின. 1946ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், போராட்டத்தின் நடுவே, காவற்படையின் தாக்குதலில் ஆறு தொழிலாளர் மாண்டனர். அந்நாளைத் தங்கவயல் மறக்கவில்லை.

இருளில் ஏற்றிய விளக்கு

தோழர்களே! சுரங்கத்து மக்களைக் கண்ணீருக்குரியவர்களாக மட்டும் காட்டினால் நாம் அவர்களுக்கு அநீதி செய்தவராவோம். பாதாளத்தில் உழைத்த அம்மக்கள் மேலே வந்து படித்தனர், விவாதித்தனர், அச்சுக்கூடம் வைத்தனர். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் இலங்கைக்கு வந்து பௌத்தம் தழுவியதை நாம் அறிவோம். அவர் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பின்னர், 1926இல் அதே தங்கவயலிலிருந்து கோ. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடியும் வெளிவந்தது. பகல் முழுதும் பாறையோடு மல்லாடியவன் மாலையிலே சாதியோடு மல்லாடினான். இலங்கை மண்ணில் ஏற்றிய ஒரு தீபத்தின் சுடர், அந்தச் சுரங்க வாயிலிலும் எரிந்தது என்பதில் நமக்கும் ஓர் உறவு உண்டு.

மூடிய பின்னும் மூடாத கடன்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்வசமாக்கியது. 1962இல் அவை இந்திய நடுவண் அரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஆளும் கை மாறியது. ஆனால் பாறையோ நாளுக்கு நாள் வறண்டது. தொடக்க காலத்தில் ஒரு தொன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் மூன்று கிராம் அளவுக்குத் தேய்ந்தது. 2001 பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் அம்மண் ஈந்த பொன் ஏறத்தாழ 800 தொன்.

எண்ணூறு தொன் பொன்னை ஈந்த ஊருக்கு எஞ்சியது என்ன? நீர் நிறைந்த குழிகள், துருவேறிய பொறிகள், பொன்னைப் பிரித்த பின் கொட்டிய சயனைட் மண்மேடுகள் பதின்மூன்று. அம்மேடுகளில் உள்ள மண் மட்டும் 3 கோடியே 30 இலட்சம் தொன் என்பர். காற்றுக் காலத்தில் அந்த வெண்தூள் எழுந்து வீட்டுக்குள்ளும் உணவுக்குள்ளும் பாடசாலைக்குள்ளும் படிகின்றது. தந்தையின் மார்பில் சுரங்கத்துக்குள்ளே குடியேறிய தூசு, பிள்ளையை வீட்டு முற்றத்திலேயே தேடி வருகின்றது.

வேலை? விடியும் முன்னரே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் புகையிரதங்களில் நெருக்கியடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் செல்கின்றனர், இரவு திரும்புகின்றனர். பாட்டன் மண்ணுக்குள் கழித்த காலத்தைப் பேரன் புகையிரதத்துள் கழிக்கின்றான். நிலுவைத் தொகைக்காகவும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டின் உரிமைக்காகவும், தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் மனு எழுதினர், வழக்காடினர். அந்நிலத்தின் அடியிலுள்ள ஒவ்வொரு பாறையையும் அறிந்தவன், அதன் மேலே பத்தடி நிலத்திற்கு உரிமை கேட்டுக் கைகட்டி நிற்க நேர்ந்தது!

அண்மைக் காலத்தில் இக்கதை புதியதொரு திருப்பத்தைக் கண்டுள்ளது. பொன் விலை ஏறிவிட்டது. கழிவென்று கொட்டிய மேடுகளிலும் பொற்றுகள் எஞ்சியிருக்கின்றது. எனவே அப்பதின்மூன்று மேடுகளையும் ஏலத்தில் விடும் நடுவண் அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது. இத்தனை காலம் மக்களை இருமச் செய்த மண் இப்பொழுது மதிப்புக்குரிய மண்ணாகிவிட்டது. மகிழ்ச்சி! வேலை வருமாயின் வரவேற்போம். ஆனால் அம்மேட்டைக் கிளறும்போது எழும் தூசுக்கு யார் பொறுப்பு? வேலை அவ்வூராருக்கா, வெளியிலிருந்து கொணரும் ஒப்பந்தக் கூலிக்கா? வருமானத்தில் ஒரு பங்காவது பழைய தொழிலாளியின் மருந்துக்குச் செல்லுமா? பழைய கணக்கைத் தீர்க்காமல் புதிய கணக்கைத் தொடங்குவது நேர்மையாகுமா?

நமக்குரிய பாடம்

தங்கவயலைப் பற்றித் திரைப்படங்கள் வந்துள்ளன. கோடி கோடியாகப் பணமும் ஈட்டியுள்ளன. கண்டு களித்தவர்களுள் எத்தனை பேர் அந்த 3,402 மார்புகளைப் பற்றி அறிவர்?

நாம் வேண்டுவன பெரியன அல்ல. ஆபத்தான வேலையைச் செய்பவனின் பெயர், அவன் நேர்க்கூலியாயினும் ஒப்பந்தக் கூலியாயினும், பதிவேட்டில் இருத்தல் வேண்டும். அவன் வேலையை விட்ட பின்னரும் மருத்துவப் பரிசோதனை தொடர்தல் வேண்டும். நோய் கண்டால் நட்டஈடு உரிமையாகக் கிடைத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உயிருக்கு ஆபத்து என்று கண்ட இடத்தைவிட்டு விலகி நிற்கும் உரிமை அவனுக்கு வேண்டும். 1995இல் சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை இவ்வுரிமையைத் தெளிவாக எழுதி வைத்துள்ளது. எழுத்தில் இருப்பது போதாது. குழிக்குள் நிற்பவன் 'இன்று இறங்கமாட்டேன்' என்று சொன்னால், அவனுடைய நாட்கூலி வெட்டப்படாதிருக்க வேண்டும். அதுவே உரிமைக்கு உரைகல்.

இது அயல்நாட்டுக் கதை என்று எண்ணாதீர்கள். நம் நாட்டிலும் போகலையிலும் கஹட்டகஹவிலும் பென்சிற்கரிச் சுரங்கங்கள் உண்டு. இரத்தினபுரியில் மாணிக்கக் குழிகள் உண்டு. கருங்கல் உடைக்கும் இடங்கள் ஊர்தோறும் உண்டு. அங்கெல்லாம் உழைப்பவன் சிங்களவனாயினும் தமிழனாயினும் முஸ்லிமாயினும், மூச்சுக்கு மொழியில்லை, மார்புக்கு மதமில்லை. அவனுடைய மார்பை எவரேனும் பரிசோதிக்கின்றனரா என்று உங்கள் ஊரிலே கேளுங்கள். சங்கக் கூட்டத்திலே கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்க்கும்போது, அந்தக் கல்லில் படியும் மஞ்சட் கோட்டைச் சற்று உற்று நோக்குங்கள். பாதாளத்தில் நின்றவனின் மூச்சும் அதில் கலந்திருக்கின்றது. அந்த மூச்சின் விலையை உலகம் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. கொடுத்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

உழைப்போர் வாழ்க!